மகளிடம் பேசக் கற்ற பாஷை

என் மகள் கைப்பேசியில் யாரிடமோ, "செம்ம பாடுலா!" என்றாள். சமையலறை வாசலில் நின்றிருந்த என் கணவர், "என்னா பாட்டும்மா?" என்று கேட்டார்.

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, எரிச்சல்கூட இல்லை. கடைத்தெருவில் விளம்பரக் காகிதம் நீட்டுகிறவரைக் கடந்து போகும்போது நாம் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'பாடு' என்பது மலாய்ச் சொல். கெட்டியானது என்று எங்களுக்குத் தெரிந்த சொல்தான். இன்றைய பிள்ளைகள் அதைப் பிரமாதம் என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. என் கணவர் ஏதோ புதுப்படப் பாட்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கும் அவள் வெளியே வரவில்லை. "சாப்ட்டேன் மா" என்று அறைக்குள்ளிருந்தே பதில் வந்தது.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. நாங்கள் இருப்பது கிள்ளானில். என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். மகள் கோலாலம்பூர் பக்கம் செராஸில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே தோழிகளோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். ஆரம்பத்தில் வாராவாரம் வந்தாள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. அப்புறம் 'அசைன்மென்ட்' என்ற ஒரே சொல்லில் மாதங்கள் போயின. வந்தாலும் எங்களிடம் பேச அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தோழிகளோடு பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். நாங்கள் இருவரும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒட்டுக்கேட்டோம் என்று சொல்லமுடியாது. கேட்டாலும் ஒன்றும் புரியாது.

"தமிழ்தான் பேசுறா, இங்கிலீஷ்தான் பேசுறா, மலாய்தான் பேசுறா. மூணும் நமக்குத் தெரியும். அப்புறம் ஏன் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது?" என்று ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வழி இருந்தது. அவருடைய வேனில் காலையும் மதியமும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் திரும்பி, "டேய், 'சஸ்'னா என்னாடா?" என்று கேட்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "சந்தேகமா இருக்குன்னு அர்த்தம் அங்கிள்." "அங்கிள், 'நோ கேப்'னு சொல்லுங்க. பொய் இல்ல, சத்தியமான்னு அர்த்தம்." அவர் முதலில் அதைத் தொப்பி என்று எடுத்துக்கொண்டு, "யாரு தொப்பி போடல?" என்று கேட்டாராம். வேனே சிரித்ததாம். அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என்னிடம்தான் ஒத்திகை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன். "சட்னி பாடு! நோ கேப்!" என்பார். நானும் சும்மா இருக்கவில்லை. கிளினிக்கில் வேலை செய்யும் சின்னப் பெண்களிடம் கேட்டு 'ஸ்லே' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, மகள் தேர்வு எழுதப்போன காலையில் அவளுக்கு அனுப்பினேன். அசத்து என்பதுபோல ஒரு வாழ்த்து என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். 'மா, யார் சொல்லிக் குடுத்தது?' என்று கேட்டுக் கூடவே நான்கைந்து சிரிப்பு முகங்களை அனுப்பினாள். அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதை என் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

அடுத்த முறை அவள் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னாம்மா, உன் ஹவுஸ்மேட் புதுசா ஒருத்தன் கூடப் பேசுறாளாமே? ரொம்ப சஸ்ஸா இருக்கே" என்றார்.

மகள் வாயிலிருந்த சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பா! இன்னொரு தடவ சொல்லுங்க பா, ப்ளீஸ்!" என்று கைப்பேசியை எடுத்தாள். அவர் இன்னொரு தடவை சொன்னார். நானும் சிரித்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே காரணத்துக்காகச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அதன்பிறகு அவள் வாராவாரம் வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை கொமியூட்டர் ரயிலில் வந்து இறங்குவாள். இவர் நிலையத்துக்கு வேனை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய் நிற்பார். சனிக்கிழமை காலை ரொட்டிச் சானாய் கடையில், மீன் பாசாரில், வேனின் முன் இருக்கையில் எல்லாம் அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "பா, இந்த மீனுக்கு ரிஸ் இருக்கா?" என்று கேட்பாள். பெண்களை மயக்கும் பேச்சுத் திறமைக்கு அப்படி ஒரு பெயராம். இவர் மீன்காரரிடம் திரும்பி, "போஸ், இந்த மீனுக்கு ரிஸ் இருக்கா?" என்று கேட்பார். அவள் கைப்பேசிக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். பூச்சோங்கில் இருக்கும் என் தங்கையிடம் நான் பெருமையாகச் சொன்னேன்: "பிள்ளைங்க நம்மகிட்ட வரலன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல. நாமதான் அதுங்க பக்கம் போகணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளை நிலையத்தில் விடப் போனோம். மழை. நான் பின்னிருக்கையில் இருந்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். "பா, 'கோயாக்' வெச்சு ஒரு செண்டன்ஸ் சொல்லுங்க."

கோயாக் என்றால் கிழிந்தது. அவர்கள் வாயில் அது மனம் உடைந்து போனவனைக் கேலி செய்யும் சொல். இவர் சாலையைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்:

"நீ செராஸ் போன அன்னிக்கு அப்பா கோயாக்மா. உன்னை எறக்கி விட்டுட்டுத் திரும்பி வரும்போது, பெட்ரோல் ஸ்டேஷன்ல வேனை நிறுத்திட்டேன். ஓட்ட முடியல. உக்காந்து அழுதேன். நோ கேப்."

அது எனக்கே தெரியாத விஷயம். வழியில் நெரிசல் என்றுதான் அன்று என்னிடம் சொல்லியிருந்தார். மகள் பிடித்திருந்த கைப்பேசி இறங்கவில்லை. நிலையம் வந்ததும், "சரி பா, போய்ட்டு வரேன்" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு மழையில் ஓடினாள். அந்தத் தொடுதலை நான் பெரிதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துக் கிளினிக்கில், சுங்கை பூலோவிலிருந்து வேலைக்கு வரும் ஒரு சின்னப் பெண், மருத்துவருக்கு உதவியாளராக இருப்பவள், மதிய உணவு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது உங்க வீட்டுக்காரர்தானே? தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்போ பாத்திருக்கேன்."

அவளுடைய கைப்பேசியில் என் கணவர் இருந்தார். வேன், மழை, பெட்ரோல் ஸ்டேஷன். 'அழுதேன்' என்று அவர் சொல்லும் இடத்தில் குரலை இழுத்து மெதுவாக்கி, மாடு கத்துவதுபோல் ஆக்கியிருந்தாள் என் மகள். அவர் முகத்தின் நடுவே காகிதம் கிழிவதுபோல் ஒரு படம் ஓடியது. பின்னால் ஒரு கூட்டமே சிரிக்கும் சத்தம். தலைப்பு: 'அப்பா கோயாக்'. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இருந்தவற்றையும் படித்தேன். ஊர்பேர் தெரியாத பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். நல்லதாகவும் சிலர் எழுதியிருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே மாதிரி மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வந்தது.

"என்.பி.சி.ன்னா என்னாம்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். "கேம்ல வரும் அக்கா. ஹீரோ கிடையாது, வில்லனும் கிடையாது. சும்மா வழியில நிக்கிற ஆளுங்க. கிட்ட போனா அதே நாலு வார்த்தைய சொல்லும். மறுபடி போனா மறுபடி அதையே சொல்லும்."

"அதுக்கு மனசு கிடையாதா?"

"அது பொம்மை மாதிரிதான் அக்கா."

'உன் அப்பா சரியான என்.பி.சி.' என்று ஒருவன் எழுதியிருந்ததற்குக் கீழே என் மகள், 'ட்ரூலா' என்று பதில் எழுதிச் சிரிப்பு முகம் போட்டிருந்தாள். என் மகளின் அந்த இணையப் பக்கத்தில் எத்தனையோ வெள்ளி, சனி, ஞாயிறுகள் வரிசையாக இருந்தன. மீன்காரர் இருந்தார். சோற்றுத் தட்டோடு நானும் இருந்தேன், வாயைத் திறந்து சிரித்தபடி. வாராவாரம் அவள் எதற்காக வீட்டுக்கு வந்தாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

வேலை முடிந்ததும் கிள்ளானுக்கு ரயில் ஏறவில்லை. எம்.ஆர்.டி. பிடித்துச் செராஸுக்குப் போனேன். அவள் தங்கியிருந்த கட்டடத்தின் கீழே உள்ள மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு வரச்சொன்னேன். அரைக்கால் சட்டையும் செருப்புமாக இறங்கி வந்தாள். "என்ன மா, திடீர்னு? அப்பாவுக்கு ஏதாச்சும்?" என்றாள். அவள் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நீதான் அவரைக் கிழிச்சுப் போட்டிருக்க. பாத்தேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தே தாரிக் தேநீர் வந்தது. இருவரும் தொடவில்லை.

"மா, அது ஜோக்லா. எல்லாருக்கும் அப்பாவ ரொம்பப் பிடிக்குது. கமெண்ட்ஸ் பாருங்க, எவ்வளோ பேரு 'அங்கிள் சோ க்யூட்'னு எழுதியிருக்காங்க."

"பொம்மைன்னும் எழுதியிருக்காங்க. நீ ஆமான்னு சொல்லியிருக்க."

"அது சும்மா மா. அப்படித்தான் பேசுவோம். சீரியஸா எடுத்துக்கிட்டா எப்படி?"

"அவரு அழுததைச் சொன்னாரு. உன்கிட்ட மட்டும் சொன்னாரு. என்கிட்டகூடச் சொல்லல."

அவள் நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"அப்பா பேசுறதக் கேட்டு சிரிக்கக் கூடாதுன்னு இப்போ சொல்றீங்க. யாரு மா முதல்ல சிரிச்சது? சின்ன வயசுல வீட்டுல இங்கிலீஷ்தான் பேசணும்னு சொன்னீங்க. நான் தமிழ்ல கேட்டா அப்பா பதிலே சொல்ல மாட்டாரு. ஸ்கூல்ல டீச்சர் மீட்டிங் வந்தா, 'நீ போ, நான் பேசினா சிரிப்பாங்க'ன்னு அவரு கார்ல உக்காந்துக்குவாரு. நீங்க ஒருநாளாச்சும் 'இல்ல, வாங்க'ன்னு கூப்பிட்டிருக்கீங்களா? அப்பா பேசுனா சிரிப்பு வரும்னு எனக்கு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லிக் குடுத்தீங்க."

அவள் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் அது, நான் பார்த்துவிட்டு வந்ததற்குப் பதிலும் இல்லை. பெற்றவர்கள் வெட்கப்பட்டார்கள் என்பதற்காகப் பிள்ளை அவர்களை விற்றுச் சிரிக்கலாமா? இதைக் கேட்டிருக்க வேண்டும். "எல்லாத்தையும் எடுத்துரு" என்று மட்டும் சொன்னேன்.

என் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். கட்டைவிரல் வேகமாக நகர்ந்தது. "எடுத்தாச்சு. ஆனா எல்லாரும் ஏற்கெனவே சேவ் பண்ணியிருப்பாங்க. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் நிலையம்வரை கூட வரவில்லை.

வீட்டில் என் கணவர் சாப்பிடாமல் காத்திருந்தார். வரும் வழியெல்லாம் இவரிடம் எப்படிச் சொல்வது என்பதையே யோசித்து வந்திருந்தேன். உட்காரவைத்து, மெதுவாக, "பொண்ணு உங்கள எடுத்த வீடியோவ எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்துட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வேன்ல பசங்க போட்டுக் கேக்குறாங்க இல்ல. என் கொரல் பின்னாலேருந்து எனக்கே கேக்கும். தெரியாம இருக்குமா?"

"எப்போலேருந்து?"

"ரொம்ப நாளாச்சு. அந்த மீன் வீடியோ வந்தப்பவே."

"தெரிஞ்சுமா பேசிக்கிட்டிருந்தீங்க?"

அவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "வெள்ளிக்கெழமையானா வந்துர்றா இல்ல?"

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். "அப்போ அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் கதை? அதுவும் வீடியோவுல வரும்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"கேமரா பிடிச்சிருக்கும்போதுதான் அவ என் மூஞ்சியப் பாக்குறா" என்றார். "அப்ப சொன்னா கேப்பான்னு நெனச்சேன்."

பிறகு, "நீ போயி என்னா சொன்ன அவகிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் அழிக்கவைத்தேன் என்றதும் அவர் எழுந்துவிட்டார். அவர் என்னிடம் குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "உன்னை யாரு போவச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அசைன்மென்ட். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. இவர் என்னிடம் வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினார். அரிசி தீர்ந்ததா, தண்ணீர் வருகிறதா, இந்த அளவு. நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சரியானதைச் செய்துவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு வந்தாள். புடவை கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, லட்சணமாக வந்தாள். கைப்பேசி கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. "படிப்பெல்லாம் எப்படிம்மா போவுது?" என்று இவர் கேட்டார். "நல்லா போகுது பா" என்றாள். "சாப்பாடெல்லாம்?" "சமைச்சுக்கிறோம் பா." ஒரு சொல் பிசகவில்லை. 'பாடு' இல்லை, 'சஸ்' இல்லை, 'லா'கூட இல்லை. முதல்முறை பார்க்கும் தூரத்துச் சொந்தத்திடம் பேசுவது போல், நிறுத்தி நிதானமாக, எங்களுக்குப் புரியும்படி பேசினாள். இவர் ஒரு கட்டத்தில் ஆசையாக, "பொங்கல் எப்படி? பாடா?" என்று கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பா" என்றாள். மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை நான் கழுவி முடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாள்.

வேனில் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்களாம், "அங்கிள், கோயாக் சொல்லுங்க அங்கிள்" என்று. இவர் வானொலியைச் சத்தமாக வைத்துவிடுகிறாராம். அந்த வீடியோ யார் யாருடைய கைப்பேசியிலோ இருக்கிறது. இருந்துகொண்டுதான் இருக்கும்.

அண்மையில் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இவரோடு மதிய வேனில் போனேன். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் மகளின் அதே பக்கம்தான். இப்போது அதில் பேசுவது அவள் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளி. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்போல. "சொல்லுங்கண்ணே, 'நோ கேப்'னு சொல்லுங்க" என்கிறாள். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

"இதையா பாக்குறீங்க?" என்றேன். "வெக்கமா இல்ல?"

"அந்த ஆள நான் பாக்கல" என்றார். கைப்பேசியைக் காதருகே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டினார். "பின்னால நின்னு சிரிக்கிறா பாரு. கேக்குதா?"